யன்னலோர ஆசனம் எந்தப் பக்கம், எந்த வரிசை? திருகோணமலையிலிருந்து பறப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கட்டுநாயக்க, பலாலி, சீனக்குடா எங்கிருந்து பறந்தாலும், ஆசனம் பதியும் நேரத்தில் எங்கள் ஊர்க்காரருக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் நான்கு பதில்களை வாசித்த பின் உங்கள் பயணத்துக்குரிய கேள்விக்குப் போனால் குழப்பம் வராது.

1. யன்னல் சீற்று எண்டா ‘ஏ’யா, ‘எஃப்’ஆ? எது எந்தப் பக்கம்?

விமானத்தின் மூக்கைப் பார்த்து இருக்கும்போது இடக்கைப் பக்க யன்னல் ‘ஏ’. வலக்கைப் பக்கத்து எழுத்துத்தான் மாறும். பக்கத்துக்கு மூன்று ஆசனம் உள்ள எயார்பஸ் 320, போயிங் 737 போன்றவற்றில் பெரும்பாலும் ‘எஃப்’. சில நிறுவனங்கள் அதே அளவு விமானத்திலும் ‘கே’ என்று எழுதும். இரண்டு நடைபாதை உள்ள அகன்ற விமானங்களிலும் பொதுவாக ‘கே’தான். எழுத்தைப் பாடமாக்க வேண்டாம். கீழே எல்லா இடத்திலும் இடப்பக்கம், வலப்பக்கம் என்றே சொல்கிறோம்.

2. எந்தப் பக்கம் எடுக்கிறது எண்டு நாங்களே கண்டுபிடிக்க ஏலுமா?

ஏலும், ஐந்து நிமிட வேலை. தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து, புறப்படும் விமான நிலையத்துக்கும் இறங்கும் நிலையத்துக்கும் இடையே ஒரு நேர்கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். போகும் திசை மேலே வரும்படி வரைபடத்தைத் திருப்புங்கள். கோட்டுக்கு இடக்கைப் பக்கம் கிடப்பதெல்லாம் இடப்பக்க யன்னலில் தெரியும்.

பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். கோட்டுக்கு நேர் கீழே இருக்கும் இடம் எந்த யன்னலிலும் தெரியாது, அது விமானத்தின் வயிற்றுக்குக் கீழே போய்விடும். விமானம் 10 கிலோமீற்றர் உயரத்தில் போனால், யன்னலால் 45 பாகை சரிவாகக் கீழே பார்க்கும் கண் 10 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் நிலத்தில்தான் விழும். நீங்கள் பார்க்க விரும்பும் இடம் கோட்டிலிருந்து 10 முதல் 40 கிலோமீற்றர் பக்கவாட்டில் இருந்தால் மிக நல்லது. அடிவானம் 350 கிலோமீற்றருக்கு அப்பாலும் இருக்கலாம். ஆனால் தூசியும் நீராவியும் நடுவில் நிற்பதால் தூரத்து நிலம் வெறும் நீலப் படலமாகிவிடும்.

நேர்கோடு ஒரு மதிப்பீடு மட்டுமே. பிளைட்ராடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த நாலைந்து நாள் அது உண்மையில் போன பாதையைப் பாருங்கள். எந்த வகை விமானம் என்பதும் அங்கேயே தெரியும். அது அடுத்த கேள்விக்குத் தேவை.

3. எத்தினையாவது வரிசை நல்லம்?

இறக்கைக்கு முன்னால். எயார்பஸ் 320, போயிங் 737 அளவு விமானங்களில் ஏறத்தாழ 10ஆம் வரிசையிலிருந்து 20ஆம் வரிசை வரை யன்னலுக்குக் கீழே இறக்கைதான் கிடக்கும். சாதாரண வகுப்பில் 9ஆம் வரிசைக்கு முன்னால் கிடைத்தால் எடுங்கள். வரிசை எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆசன வரைபடத்தில் அவசர வெளியேறும் கதவு எங்கே என்று பார்த்தால், அதுதான் இறக்கையின் நடு. அங்கிருந்து நாலைந்து வரிசையாவது முன்னால் போக வேண்டும்.

இறக்கைக்குப் பின்னால் கடைசி ஐந்தாறு வரிசைகளிலும் நிலம் தெரியும். ஆனால் எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்று அந்த யன்னல்களுக்கு முன்னால் ஓடும். வெயிலில் தார் வீதிக்கு மேலே காற்று நெளிவது போல நிலம் நெளியும். கண்ணுக்கு அது பெரிய குறையில்லை, படத்தில் மங்கல் தெரியும்.

4. யன்னல் சீற்றுக்கெண்டே காசு கட்டினன். போய் இருந்தா பக்கத்தில வெறும் சுவர். ஏன் இப்பிடி?

இரண்டு காரணம். யன்னல்களின் இடைவெளி விமானத்தின் உடற்சட்டத்தோடு வருவது. எயார்பஸ் 320இல் அது 53 சென்ரிமீற்றர். ஆசன வரிசைகளின் இடைவெளியை நிறுவனமே தீர்மானிக்கும், 71 முதல் 80 சென்ரிமீற்றர் வரை இருக்கும். இரண்டும் பொருந்தாது. அதனால் ஒரு வரிசையில் யன்னல் தோளுக்கு நேரே வரும், அடுத்ததில் முழங்காலுக்கு நேரே, இன்னொன்றில் தலைக்குப் பின்னால். யன்னல் உங்களுக்குச் சற்று முன்னால் இருந்தால் பாதகமில்லை. பின்னால் இருந்தால்தான் கழுத்து வலிக்கும்.

அடுத்தது போயிங் 737க்கே உரியது. அதில் குளிர்க்காற்றுக் குழாய் சுவருக்குள்ளால் மேலே ஏறும் இடத்தில் யன்னலே வைப்பதில்லை. இது பெரும்பாலும் இறக்கைக்குச் சற்று முன்னால், இடப்பக்கம் 9 முதல் 12 வரையான வரிசைகளில் ஒன்றில் வரும். பதியுமுன் விமான வகையோடு ‘ஆசன வரைபடம்’ என்று தேடிப் பயணிகளின் குறிப்புகளைப் பாருங்கள். இருந்த பிறகுதான் தெரிந்ததா? கதவு மூடியதும் பணியாளரிடம் வெறும் யன்னல் ஏதும் உண்டா என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

5. கட்டுநாயக்கவால சென்னைக்குப் போகக்குள்ள எந்தப் பக்கம்?

இடப்பக்கம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சென்னை கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ நேர் வடக்கு, சுமார் 650 கிலோமீற்றர். புறப்பட்டு மேலே ஏறும்போதே சிலாபக் கடற்கரையும், அதைத் தாண்டியதும் புத்தளம் களப்பும் கற்பிட்டிக் குடாநாடும் இடப்பக்கம் வரும். களப்பின் உப்பு வாய்க்கால்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். பின்பு மன்னார்த் தீவு. விமானம் எழுந்து 20, 25 நிமிடம் ஆனதும் புத்தகத்தை மூடிவிட்டு யன்னலோடு இருங்கள். தலைமன்னார் முனையிலிருந்து தனுஷ்கோடி நோக்கி இராமர் அணையின் மணற்திட்டுகள் வரிசையாகப் போகும். திட்டுக்குக் கிட்டக் கடல் வெளிர் பச்சை, ஆழமான பக்கம் கருநீலம். இரண்டு நிறத்துக்கும் நடுவில் வெள்ளை மணல் நூல் போல வளைந்து கிடக்கும். சில நிமிடத்தில் அது பின்னுக்குப் போய்விடும்.

யாழ்ப்பாண நகரம் கோட்டுக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே வருவதால், 2ஆம் பதிலில் சொன்னபடி, அது எந்தப் பக்கமும் நன்றாகத் தெரியாது. தீவுப் பகுதியும் நெடுந்தீவும் இடப்பக்கம். ஆனையிறவும் வடமராட்சியும் வலப்பக்கம். அதற்கப்பால் கோடியக்கரையும் வேதாரணியத்து உப்பளங்களும், பின் நாகப்பட்டினம், காரைக்கால், கொள்ளிடம் கடலில் கலக்கும் இடம், கடலூர், புதுச்சேரி என்று தமிழகக் கரை முழுவதும் இடப்பக்கமே ஓடும். வலப்பக்கத்தில் இருப்பவருக்கு அந்த நேரம் முழுக்க வங்காள விரிகுடா மட்டுமே.

6. திரும்பி வரக்குள்ளயும் அதே சீற்றா?

இல்லை. திசை மாறினால் பக்கமும் மாறும். சென்னையிலிருந்து வரும்போது வலப்பக்கம். போக, வர இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் பதிந்துவிட்டு ஏமாறுபவர்கள் ஏராளம்.

7. காலமைப் பிளேனா, பின்னேரப் பிளேனா?

காலைதான். காரணம் இரண்டு. நிலம் சூடேறிய பின், முற்பகல் முடியும் நேரத்தில் திரள்முகில்கள் எழத் தொடங்கும். காலையில் வெறுமையாக இருந்த வானம் 2 மணிக்குப் பஞ்சுப் பொதியாகிவிடும். மற்றது வெயில். சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தால் தூசிப் படலம் வெள்ளையாக ஒளிர்ந்து நிலத்தின் நிறத்தை அழித்துவிடும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் நிறம் அப்படியே தெரியும். காலையில் வடக்கே போகும்போது சூரியன் வலப்பக்கம். ஆகவே சென்னைப் பயணத்தில் இடப்பக்கத்துக்குக் காலை வெளிச்சம் முழுதாகக் கிடைக்கிறது. பின்னேரம் அதே ஆசனத்தில் கண் கூசும்.

ஒரு விதிவிலக்கு: குளம் பார்க்க ஆசைப்படுபவர் வெயில் பக்கம் இருக்கலாம். வறண்ட வலயத்துக் குளங்களுக்கு மேலே போகும்போது சூரியனின் பிரதிபலிப்பு விமானத்தோடு கூடவே வரும். ஒவ்வொரு குளமும் தகரத் தகடு போல ஒரு கணம் மின்னி அணையும். வரைபடத்தில் பெயரே இல்லாத சின்னக் குளங்கள்கூட அப்போதுதான் கண்ணில் படும்.

8. மாரியில போனா ஒண்டும் தெரியாதா?

எந்தக் கரைக்கு மேலே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை எங்கள் பக்கமும் வடக்கும் மூடியிருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் மேற்குக் கரையையும் மலைநாட்டையும் மூடும், அந்த நேரம் திருகோணமலை வானம் வெளித்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் பெப்ரவரியும் மார்ச்சும் நம்பிக்கையான மாதங்கள். மாரியிலும் மழை ஓய்ந்த மறுநாள் காலை வாய்த்தால் விடாதீர்கள். தூசியை மழை கழுவிவிடுவதால் அன்று தெரியும் தெளிவு வேறெப்போதும் கிடைக்காது.

9. வவுனியாவால பலாலிக்குப் போய் ஏறினா நல்லமா?

காட்சிக்கு மிக நல்லது. பலாலி–சென்னைப் பாதையில் ஓடுவது ஏடிஆர் 72, விசிறி வைத்த விமானம். அதன் இறக்கை கூரைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கும் கண்ணை இறக்கை மறைக்காது. ஜெட் விமானங்களைவிடத் தாழ்வாகவே பறக்கும். அதன் உச்ச உயரமே 25,000 அடிதான். பாக்குநீரிணையில் வள்ளங்களைத் தனித்தனியே எண்ணலாம்.

மறைப்பது எஞ்சின் மட்டுமே. நடுவுக்குச் சற்று முன்னாலுள்ள வரிசைகளில் யன்னலுக்கு நேரே எஞ்சின் கூடும் சுழலும் விசிறியும் வரும், சத்தமும் அங்கேதான் கூட. பின் பாதி எடுங்கள். பயணிகள் ஏறும் கதவு வாலில் இருப்பதால் கடைசி வரிசைக்காரர் முதலில் இறங்கலாம். பக்கம், 5ஆம் பதிலில் உள்ளதுதான்: போக இடம், வர வலம்.

10. சீனக்குடாவுக்கு வாற சின்னப் பிளேனில எங்க இருக்கிற?

உள்நாட்டுச் சேவைக்கு வருவது செஸ்னா கரவான், ஒற்றை எஞ்சின். உள்ளே காற்றழுத்தம் ஏற்றாத விமானம் என்பதால் தாழ்வாகத்தான் பறக்கும். வீட்டுக் கூரை, வயல் வரம்பு எல்லாம் தெரியும். இறக்கை மேலே இருந்தாலும், அதைத் தாங்கும் சாய்வுக் கம்பி ஒன்று உடலின் அடியிலிருந்து இறக்கைக்குப் போகும். முன் வரிசைகளில் அந்தக் கம்பியும் சக்கரமும் படத்துக்குள் வரும். பின் வரிசைகள் வெறுமை. ஆனால் சின்ன விமானத்தில் பாரம் சமன் பார்த்து ஆட்களை இருத்துவார்கள், ஆசனம் நம் கையில் இல்லை. ஏறுமுன் விருப்பத்தைச் சொல்லி வையுங்கள், ஏலுமென்றால் செய்வார்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து வடகிழக்காக வரும்போது சீகிரியா, மின்னேரியா, கவுடுல்ல மூன்றும் வலப்பக்கம். கந்தளாய்க் குளம் கோட்டிலேயே கிடப்பதால் விமானம் சற்றுச் சாய்ந்தால்தான் தெரியும். தென்மேற்கிலிருந்து நேராக இறங்கினால் கிண்ணியா வலப்பக்கம். கடல் பக்கத்தால் சுற்றி வந்து இறங்கினால் உள்துறைமுகம் இடப்பக்கம், உப்புவெளி வலப்பக்கம். சீனக்குடா விமானப்படைத் தளம். ஓடுபாதையிலும் நிலையத்திலும் படம் எடுக்குமுன் கட்டாயம் கேளுங்கள்.

11. பெரிய பிளேனில போகக்குள்ள கோணேசர் கோயில் தெரியுமா?

கோயில் தெரியாது, ஊர் தெரியும். 10 கிலோமீற்றர் உயரத்திலிருந்து கோணமலை நகத்துண்டு அளவுதான். ஆனால் எங்கள் துறைமுகத்தின் வடிவம் வேறெங்கும் இல்லாதது. ஒரு பக்கம் திறந்த கொட்டியாரக் குடா, அதற்குள் மடிந்து போகும் உள்துறைமுகம், மேற்கே தம்பலகாமக் குடா. மாரி வெள்ளத்தில் மகாவலி கொண்டு வரும் மண், குடாவின் நீலத்துக்குள் தேயிலை நிறத்தில் விசிறியாக விரிந்திருக்கும். மூதூர் எது என்று அதை வைத்தே பிடிக்கலாம்.

சென்னைப் பாதையில் திருகோணமலை வெகு தூரம். கொழும்பிலிருந்து பாங்கொக், ஹொங்கொங் போகும் விமானங்கள்தான் கிழக்குக் கரையைத் தாண்டும். அவற்றில் போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம். பகல் விமானமாகவும் வானம் வெளித்தும் இருக்க வேண்டும்.

12. வேலைக்கு டுபாய், கட்டார் போறவங்களுக்கு? உம்றாவுக்குப் போறவங்களுக்கு?

பாதை வடமேற்கு. பகலென்றால் மன்னார் வளைகுடாவைத் தாண்டியதும் கன்னியாகுமரி முனை இடப்பக்கம் வரும், பின் மேற்குத் தொடர்ச்சி மலை, கேரளக் கரை. அதற்கப்பால் மூன்று மணித்தியாலம்போலக் கடல்தான், நித்திரை கொள்ளலாம். இரவென்றால் இறங்கும்போது தெரியும் நகர வெளிச்சமே காட்சி. தோகாவின் ஹமாட் விமான நிலையம் நகரின் கிழக்கே, ஓடுபாதை வடக்குத் தெற்காக. வடக்கு நோக்கி இறங்கினால் நகரம் இடப்பக்கம், தெற்கு நோக்கியென்றால் வலப்பக்கம்.

ஜித்தாவிலும் ஓடுபாதை வடக்குத் தெற்கே, செங்கடல் மேற்கே. வடக்கு நோக்கி இறங்கினால் கடலும் கரையோரப் பவளத்திட்டுகளும் இடப்பக்கம். அன்று எந்தத் திசை என்பதைக் கடைசிக் கேள்வியில் சொன்ன வழியில் ஊகிக்கலாம்.

13. முக்திநாத் யாத்திரை போறம். இமயமலை எந்தப் பக்கம்?

மலை எப்போதும் வடக்கே. டில்லியிலிருந்து காத்மண்டு போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். காத்மண்டுவிலிருந்து பொக்காரா மேற்கே என்பதால் போகும்போது வலப்பக்கம். பொக்காராவிலிருந்து ஜோம்சோம் போகும் சின்ன விமானம் காளி கண்டகிப் பள்ளத்தாக்குக்குள்ளால் வடக்கே ஏறும். இடப்பக்கம் 8,167 மீற்றர் தௌலகிரி, வலப்பக்கம் 8,091 மீற்றர் அன்னபூர்ணா, நீலகிரி. இங்கே எந்தப் பக்கம் கிடைத்தாலும் குறையில்லை. வரும்போது மற்றப் பக்கம் கேட்டு வாங்குங்கள். முற்பகலிலேயே பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடும், அதனால் விமானங்கள் காலையில் மட்டும். ஒரு நாள் கையிருப்பு வைத்துத் திட்டமிடுங்கள்.

14. படம் எடுத்தா எங்கட முகமும் சட்டையும்தான் விழுது.

உள்ளே இருக்கும் வெளிச்சம் கண்ணாடியில் தெறிப்பதுதான் காரணம். கறுப்புத் துணி அல்லது சால்வையால் தொலைபேசியையும் யன்னலையும் சேர்த்து மூடுங்கள். கமெராக் கண்ணை உள் கண்ணாடிக்கு ஒரு சென்ரிமீற்றர் கிட்டக் கொண்டு போங்கள், ஆனால் முட்ட வைக்க வேண்டாம், முட்டினால் விமானத்தின் அதிர்வு படத்தில் ஏறும். பிளாஷை நிறுத்துங்கள். திரையில் தூரத்து நிலத்தைத் தொட்டுக் குவியத்தைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடிக் கீறல் தெளிவாகவும் ஊர் மங்கலாகவும் வரும்.

பெரிய கமெரா வைத்திருப்பவர் போலறைசர் வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும். விமான யன்னல் அக்ரிலிக்கால் ஆனது, அந்த வடிகட்டி அதில் வானவில் பட்டைகளைக் காட்டும்.

15. யன்னலில சின்ன ஓட்டை ஒண்டு இருக்கு. பயமில்லையா?

இல்லை. யன்னலில் மூன்று தட்டு. வெளித்தட்டுத்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது. ஓட்டை இருப்பது நடுத்தட்டில், இரண்டுக்கும் நடுவில் உள்ள காற்றின் அழுத்தத்தைச் சமப்படுத்தவும் ஈரம் படியாமல் வைக்கவும். நீண்ட பயணத்தில் அதைச் சுற்றிப் பனிப்படிகங்கள் பூப்போலப் படியும். உங்கள் கை படுவது மூன்றாவது தட்டில், அதை மெல்லிய துணியால் துடைக்கலாம்.

16. கீழ தெரியிறது என்ன ஊர் எண்டு எப்பிடி அறியிற?

வீட்டிலேயே வரைபடச் செயலியில் அந்தப் பகுதியை இணையமில்லாமல் பார்க்கும்படி தரவிறக்குங்கள். ஃபிளைட் மோட் போட்ட பிறகும் ஜிபிஎஸ் வேலை செய்யும். தொலைபேசியை யன்னலோடு சேர்த்து ஓரிரு நிமிடம் பிடித்தால் நீலப் புள்ளி வரும். நடு ஆசனத்தில் பெரும்பாலும் வராது.

17. காசு கட்டாம நல்ல யன்னல் கிடைக்காதா?

கிடைக்கும், நேரம் பார்த்து இருந்தால். இணையத்தில் செக்-இன் திறப்பது நிறுவனத்தைப் பொறுத்து 48 அல்லது 24 மணித்தியாலத்துக்கு முன். திறந்த உடனே போனால் இலவச யன்னல்கள் இருக்கும். திருகோணமலையிலிருந்து இரவு முழுக்க வந்து கட்டுநாயக்கக் கவுண்டரில் கேட்கலாம் என்று விடாதீர்கள், அப்போது மிஞ்சுவது இறக்கைக்கு மேல்தான். சில மலிவு நிறுவனங்களில் இலவசமாகத் தரும் ஆசனத்தைக் கணினியே தெரிவு செய்யும். அங்கே சென்னைப் பயணம் போன்ற ஒன்றுக்குக் காசு கட்டுவது தகும், நள்ளிரவு விமானத்துக்குத் தகாது.

18. நாலு பேர் போறம், எல்லாருக்கும் யன்னல் வேணும். அம்மா அடிக்கடி எழும்புவா.

பக்கத்தில் பக்கத்தில் எடுக்காமல் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே பக்கத்து யன்னல்களை எடுங்கள். ஒன்றரை மணித்தியாலப் பயணமென்றால், ஏறுமுன் கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விட்டு அம்மாவையும் யன்னலில் இருத்தலாம். நீண்ட பயணத்தில் அவவுக்கு நடைபாதை ஆசனமும் உங்களுக்குப் பக்கத்து ஆசனமும்தான் சரி.

19. யன்னலை மூடச் சொன்னா என்ன செய்யிற?

ஏறும்போதும் இறங்கும்போதும் பெரும்பாலும் திறந்து வைக்கத்தான் சொல்வார்கள், ஆபத்தென்றால் வெளியே பார்க்க வேண்டும் என்பதற்காக. நடுவில் மற்றவர்கள் நித்திரை கொள்ள மூடச் சொன்னால் மூடுங்கள். போயிங் 787இல் மறைப்பே இல்லை, பொத்தானால் கண்ணாடி கருக்கும். அதைப் பணியாளர்கள் மொத்தமாகவும் கருக்கலாம்.

20. வரைபடம் பார்த்துத்தான் எடுத்தன். ஆனா இறங்கக்குள்ள எல்லாம் மற்றப் பக்கம் தெரிஞ்சுது. ஏன்?

விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். பாதையின் நடுப்பகுதி வரைபடப்படி போகும். முதல் பத்து நிமிடத்தையும் கடைசிப் பதினைந்து நிமிடத்தையும் காற்றே தீர்மானிக்கும்.

கட்டுநாயக்க ஓடுபாதை வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கிறது. சோளக மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து. அப்போது விமானம் நீர்கொழும்புக் களப்புக்கு மேலால் கடலை நோக்கி எழும்: களப்பு வாயும் நீர்கொழும்பு நகரமும் வலப்பக்கம், கொழும்பு இடப்பக்கத்தில் முன்னால். இறங்குவது தென்னந்தோப்புப் பக்கத்தால். வாடைக் காற்றில் இது தலைகீழ். கடலிலிருந்து வந்து களப்புக்கு மேலால் இறங்கும்போது நீர்கொழும்பு இடப்பக்கம், கொழும்பின் இரவு வெளிச்சம் வலப்பக்கம். புறப்படும் நாளுக்கு முந்தின மாலை காற்றின் திசையைப் பாருங்கள், அன்று காலை இறங்கிய விமானங்களின் பாதையையும் 2ஆம் பதிலில் சொன்ன செயலியில் பாருங்கள். காற்று நிலையான மாதங்களில் மறுநாளும் பெரும்பாலும் அதே திசைதான். செக்-இன் திறந்திருக்கும்போதே பார்த்தால் பக்கத்தை மாற்றவும் நேரம் இருக்கும்.